முதல் கப்பல் பயணம்: சென்னையா, கொச்சியா, சிங்கப்பூரா?

அம்மாவுக்கு வருகிற தையில் எழுபது முடிகிறது. அதையொட்டி எல்லோரும் ஒரு கப்பல் பயணம் போக வேண்டும் என்பது தங்கையின் ஆசை. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகன், இரண்டரை வயதில் ஒரு மகள். என் மகனுக்குப் பதினான்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி. படி இறங்கும்போது கைப்பிடி இல்லாமல் முடியாது. எங்கள் இரண்டு வீடுகளையும் சேர்த்து ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஒத்துவருகிற கப்பல் எது என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். இதற்கு முன்பு இரண்டு முறை கப்பலில் போய்வந்தவன் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விசாரித்ததையும் நான் பட்டறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நாங்கள் கட்டணத்தை வைத்துத்தான் ஒப்பிட்டோம். எங்கும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு கப்பலும் விலையை ஒவ்வொரு விதமாகச் சொல்லும். எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துப் பார்ப்பதற்குள் தலை சுற்றிவிடும். அப்புறம் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு, எங்களில் யாருக்கு அதிகச் சிரமம் என்று பார்த்தோம். அப்பாவும் சின்னவளும். அவர்கள் இருவருக்கும் சரிப்பட்டால் மற்ற ஏழு பேர் எப்படியும் சமாளித்துக்கொள்வோம். அங்கிருந்து தொடங்கியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எடுத்துக்கொண்ட வழிகள் மூன்று. ஒன்று, சென்னைத் துறைமுகத்திலேயே ஏறும் கார்டிலியா சொகுசுக் கப்பல். இரண்டு, கொச்சியில் இருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல். மூன்று, சிங்கப்பூர் போய் அங்கே ஏறும் பெரிய கப்பல்கள்.

எந்த மாதம், எந்தக் கடல்

கப்பலைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் லட்சத்தீவுச் சுற்றுலா நின்றுவிடும். கார்டிலியா கப்பலும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் மும்பை பக்கத்தை விட்டுச் சென்னைக்கு வருகிறது. காற்று மேற்கிலிருந்து வருவதால் நம் கரையோரக் கடலுக்கு நிலமே ஒரு மறைப்பு. ஆனால் அதே மாதங்களில் இலங்கையின் தெற்கு முனைக்குப் போனால் அந்த மறைப்பு கிடையாது. அம்பாந்தோட்டைப் பக்கம் திறந்த இந்தியப் பெருங்கடல். தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை கப்பலை நன்றாகவே ஆட்டும்.

மலாக்கா நீரிணை அப்படியில்லை. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியா, நடுவில் ஒடுங்கிய கடல். ஆண்டின் பெரும்பகுதி அது குளம்போலத்தான் கிடக்கும். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு வரை போய்வரும் கப்பலில், நகர்கிறோமா நிற்கிறோமா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் தெரியும். புக்கெட் வரை போனால் கடைசிப் பகுதி அந்தமான் கடல். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை அலை அதிகம்.

வாந்திக்குப் பயந்து கப்பலே வேண்டாம் என்கிறவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு ஒரு சின்ன ஒத்திகை இருக்கிறது: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் படகு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அது சொகுசுக் கப்பல் இல்லை, பேருந்துபோல உட்கார்ந்து போவது. சிறிய படகு என்பதால் பெரிய கப்பலைவிட அதிகமாகவே ஆடும். அதில் சமாளித்தவருக்கு மலாக்கா நீரிணை ஒரு பொருட்டே அல்ல. யாழ்ப்பாணம் பார்த்தமாதிரியும் ஆகும்.

சென்னைத் துறைமுகத்தில் ஏறினால்

கார்டிலியா 2021 செப்டம்பரில் மும்பையில் தொடங்கிய நிறுவனம். அதன் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,000 டன். சென்னையிலிருந்து முதலில் 2022 ஜூனில் புறப்பட்டது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. எந்த ஊர்கள், எத்தனை இரவுகள் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். எங்கும் நிற்காமல் இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணமும் உண்டு.

இதன் பெரிய லாபம், விமானம் வேண்டாம் என்பது. அப்பாவை விமான நிலையத்தில் நாலு மணி நேரம் அலைக்கழிக்காமல், வீட்டிலிருந்து டாக்சியில் துறைமுகம். இந்தியாவுக்குள்ளேயே சுற்றும் பயணமென்றால் ஆதார் போதும். இலங்கை போவதென்றால் கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் பாஸ்போர்ட். சாப்பாட்டில் கவலையே இல்லை. சைவம், ஜைனம் என்று கேட்பதற்கு முன்பே தனியாக வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் இதற்கெல்லாம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய வடிவம் என்பதால் அறைகள் சிறியவை, பால்கனி உள்ளவை கொஞ்சமே. நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால், ஒருவர் உடை மாற்ற மூவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியிருக்கும். வார இறுதியின் இரண்டு இரவுப் பயணங்களில் நண்பர் கூட்டமும் அலுவலகக் குழுவும் அதிகம் வருவார்கள். பாட்டும் ஆட்டமும் பின்னிரவு வரை போகும். பதினான்கு வயதுப் பையனுக்குக் கொண்டாட்டம். ஒன்பது மணிக்குப் படுக்கிற அம்மாவுக்கு அப்படியில்லை. இரண்டு இரவு என்றால் கப்பல் பழகுவதற்குள் இறங்கும் நாள் வந்துவிடும் என்பதும் உண்டு.

கணவன் மனைவி, பள்ளி வயதில் ஒரு பிள்ளை என்று மூன்று பேர் முதல்முறையாகப் போவதாக இருந்தால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பிடிக்கவில்லை என்றாலும் மூன்றாம் நாள் காலை வீட்டில் இருப்பீர்கள்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு

இது மற்ற இரண்டோடு சேர்த்துப் பேசக்கூடிய வகையே இல்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லட்சத்தீவு நிர்வாகம் ‘சமுத்ரம்’ என்ற பெயரில் நடத்தும் ஐந்து நாள் சுற்றுலா. எம்.வி. கவரத்தி கப்பலில் இரவெல்லாம் பயணம், பகலில் ஒரு தீவு: கவரத்தி, கல்பேனி, மினிக்காய். நீச்சல் குளம் கிடையாது, மேடை நிகழ்ச்சி கிடையாது, பஃபே வரிசை கிடையாது. கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் தலையை விட்டால் பவளமும் மீனும். மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் தீவு முழுவதும் தென்னை, அதைச் சுற்றிப் பச்சை நிறத்தில் காயல், அதற்கு அப்பால் கருநீலம்.

இங்கே ஒரு விஷயத்தில் பெரியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கப்பல் பெரும்பாலும் தீவின் கரையை ஒட்டி நிற்காது. பவளப்பாறைக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகுக்குள் கால் வைக்க வேண்டும். இரு பக்கமும் ஆட்கள் தோளைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அவர்கள் கைகாரர்கள், நம்பலாம். ஆனாலும் படகு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் கால் எடுத்து வைத்தாக வேண்டும். முழங்கால் மடங்காத ஒருவரால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று நாளும் இதைச் செய்ய முடியாது. அப்பாவைக் கப்பலிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் இறங்குவதென்றால் அது குடும்பப் பயணமா?

இந்தக் கப்பலில் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தீவுக்காரர்களுக்குக் கொச்சி ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்வரக் கப்பல்தான் பேருந்து. அப்படிப் போகிறவர்களும் உங்களோடு ஏறியிருப்பார்கள். தீவில் மது விற்பதும் குடிப்பதும் தடை. பங்காரம் தீவு மட்டும் விதிவிலக்கு. கடற்கரைக்கு வெளியே, ஊருக்குள் நடக்கும்போது முழுக்க உடுத்திக்கொண்டு போங்கள். வீட்டு வாசலில் நிற்கும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். பவளத் துண்டு ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, அது குற்றம். நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எங்களுக்கு இது ஒத்துவராது என்று வருத்தத்தோடு முடிவு செய்தோம். பிள்ளைகள் பத்து வயது தாண்டியவர்கள், பெரியவர்கள் திடமானவர்கள் என்றால் மூன்றிலும் இதுதான் உயர்ந்தது.

சிங்கப்பூரில் ஏறினால்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி இருக்கும். கென்டிங் டிரீம் கப்பல் 2016இல் கட்டியது, ஏறக்குறைய 1,50,000 டன். அதில் மூவாயிரம் பேருக்கு மேல் தங்கலாம். ராயல் கரீபியன் அங்கே நிறுத்திய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பல்கள் அதைவிடப் பெரியவை, 347 மீட்டர் நீளம். எந்தப் பருவத்தில் எந்தக் கப்பல் நிற்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலின் பயணங்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காதவை, கப்பலே ஊர். சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். எங்களுக்கு ஏதாவது ஓர் ஊரில் இறங்க வேண்டும் என்றிருந்தது.

மூன்று அல்லது நான்கு இரவுப் பயணங்களில் கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ வரும். எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பினாங்கு வருகிற பயணத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும். இறங்கி நடந்தாலே ஜார்ஜ் டவுன். கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா. பூக்கடை, தோசைக்கல், தமிழ்ப்பாட்டு. குயின் தெருவில் 1833இல் அமைந்த மகா மாரியம்மன் கோவில். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலை பார்க்க ஆசைப்பட்டு ஓடுகிறவர்கள் அதிகம். போக்குவரத்தையும் 272 படிகளையும் கணக்குப் போட்டால், பெரியவர்களோடு போகிறவர்கள் அன்றைக்குக் கப்பலிலேயே தங்கிவிடுவது மேல். எல்லோரும் இறங்கிப் போயிருப்பார்கள், நீச்சல் குளம் காலியாக இருக்கும்.

புக்கெட்டில் கப்பல்கள் பெரும்பாலும் படோங் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, டெண்டர் என்னும் சிறு படகில் ஆட்களை இறக்கும். லட்சத்தீவு அளவுக்குக் கடினமில்லை, ஆனால் அலை இருந்தால் ரத்தாகலாம். அங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஐந்து மணிக்குள் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தால் உங்கள் போனில் அது நான்கு. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்களுக்காகக் காத்திருப்பார்கள். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

விசா விஷயம். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கப்பலில் ஏறினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வந்தால் மறுபடியும் நுழைவது. ஆகவே பலமுறை நுழைகிற விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் சமீப ஆண்டுகளில் விசா இல்லாமல் அனுமதித்தாலும், நுழைவதற்கான இணையப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், சலுகைகளும் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு ஒருமுறையும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறையும் தூதரகத் தளங்களைப் பாருங்கள்.

செலவில்தான் சிங்கப்பூர் பின்தங்குகிறது. விமானம், விசா, ஏறுவதற்கு முந்தின இரவு அறை, எல்லாம் சேரும். ஏறும் நாள் காலையில்தான் விமானத்தில் போய் இறங்குவேன் என்று யாரும் துணிய வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. அதற்கு மேல் டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலரை ஒட்டி வசூலிக்கிறார்கள். குழந்தைக்கும் அதே தொகை. நான்கு பேர், நான்கு இரவு என்றால் ஏறக்குறைய 288 டாலர். இதை முதலிலேயே கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். கடைசி நாள் பில்லைப் பார்த்துவிட்டு வரவேற்பு மேசையில் நின்று அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையிலும் மாலையிலும் படுக்கை விரித்து, பிள்ளை கொட்டின பாலைத் துடைத்தவரின் வருமானம் அது. பேரம் பேசுகிற இடம் இல்லை.

சின்னவளுக்கும் அப்பாவுக்கும்

இனி எங்கள் உண்மையான கேள்வி. பெரிய கப்பல்களில் பிள்ளைகள் மன்றம் ஒன்று இருக்கும். விளையாட்டு, கதை, கைவேலை என்று பகலெல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ராயல் கரீபியனில் அது மூன்று வயதிலிருந்து, கட்டணமில்லை. ஆனால் டயப்பர் விட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பல கப்பல்களில் தனியாகக் கட்டணம் கொடுத்து விடும் காப்பகம் உண்டு. நீச்சல் குளத்திலும் இதே கதைதான். டயப்பர் போட்ட பிள்ளையை, அது நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பராக இருந்தாலும், குளத்தில் இறக்க விடுவதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று இறக்காதீர்கள். ஒரு குழந்தையால் தண்ணீர் அசுத்தமானால் குளத்தையே மூடி, நீரை மாற்றுவார்கள். மூவாயிரம் பேரின் ஒரு நாள் போய்விடும். சில கப்பல்களில் சின்னக் குழந்தைகளுக்கென்று தண்ணீர் பீச்சும் தளம் தனியாக இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

இதனால்தான் நாங்கள் தேதியைத் தள்ளினோம். தையில் அம்மாவுக்கு வீட்டிலேயே ஆயுள் ஹோமம். சின்னவளுக்கும் அதே மாதம் மூன்று நிறைகிறது. பயணம் ஏப்ரல் கடைசியில், பெரியவனுக்குப் பரீட்சை முடிந்த பிறகு. மூன்று மாத இடைவெளியில் டயப்பரும் போய்விடும் என்று தங்கை நம்புகிறாள். ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை என்பதையும், கருவுற்றவர்களுக்கு 24 வாரம்தான் வரம்பு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அறைகளைப் பிரிப்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மூன்று அறை, அதில் ஒன்றுதான் பால்கனியோடு எடுக்க முடியும். பிள்ளைகள் இருக்கும் அறைக்குத்தான் பால்கனி என்றாள் தங்கை. நான் மறுத்தேன். பிள்ளைகள் அறையில் இருக்கவே மாட்டார்கள். அப்பாதான் பாதி நாள் அறையில் இருப்பார். காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்க்க அவருக்குத்தான் பால்கனி வேண்டும். சின்னப் பிள்ளை இருக்கும் அறையில் பால்கனி இருந்தால் தாய்க்குத் தூக்கமே வராது என்பதும் உண்மை; நாற்காலியைக் கம்பி ஓரமாக இழுத்துப்போட்டு ஏற ஒரு நிமிடம் போதும். தங்கை யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அவர்களுக்கும் எங்களுக்கும் எதிர்வரிசையில் ஜன்னலில்லாத உள் அறைகள்.

அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம்: ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்டுக்குப் பக்கம், ஆனால் ஒட்டி வேண்டாம். கப்பலின் தளங்களைக் காட்டும் படத்தைப் பார்த்து, மேலும் கீழும் தங்கும் அறைகளே இருக்கும் தளமாகப் பாருங்கள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழுவீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே எழுதிக்கொடுத்துவிடலாம். ஏறும் நாளின் நீண்ட வரிசை அப்படித் தவிரும்.

மருந்து கைப்பையில். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முதல் பயணத்தில் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டோம். துறைமுகத்தில் ஊழியர்கள் வாங்கிக்கொண்ட பெட்டி அறைக்கு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. அந்த ஐந்து மணி நேரம் அம்மா பேசவே இல்லை. மாத்திரை, ஒரு மாற்றுடை, நீச்சலுடை, குழந்தைக்குப் பால் பவுடர் ஆகியவை உங்கள் தோளில் இருக்கட்டும். கப்பல் மருத்துவர் கட்டணம் மிக அதிகம், நம் ஊர்க் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. கடற்பயணத்தையும் சேர்த்து எழுதிய பயணக் காப்பீடு எடுங்கள். குமட்டலுக்கு மாத்திரை என்றால் குழந்தைக்கும் பெரியவருக்கும் எது, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இஞ்சி மிட்டாய் கையில் இருந்தால் நல்லது.

ஒரே கூரையின் கீழ் மூவாயிரம் பேர்

எந்தக் கப்பலை எடுத்தாலும் பழக்கவழக்கம் ஒன்றுதான். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒருவர் குளியலறையை அடைத்துக்கொண்டால் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

முதலில் பாதுகாப்புப் பயிற்சி. ஏறிய உடனே, எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்றால் ஆபத்து. நம் ஆட்கள் பலர் இந்த நேரத்தில் பஃபேயில் இருப்பார்கள், அல்லது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜிக்லியோ தீவின் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியாவில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடக்கவே இல்லை; ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று உலக விதி மாறி, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நின்று காட்டுங்கள். சில கப்பல்களில் பிள்ளைகள் கையில் கூடும் இடத்தின் எண் போட்ட பட்டை கட்டுவார்கள். பயணம் முடியும்வரை கழற்ற விடாதீர்கள்.

அப்புறம் கை கழுவுவது. கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோ வைரஸுக்குக் கையில் தேய்க்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். பஃபேயில் குழந்தை கையால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால், அதை உங்கள் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது வாந்தி பேதி என்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பஃபேயில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. போன முறை பதினொரு பேர் போயிருந்தோம். இரண்டு பேர் முன்னால் ஓடி மூன்று மேசைகளில் பைகளை வைத்துப் பிடித்தோம். மற்றவர்கள் வந்துசேர அரை மணி நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி இடம் தேடி எங்களைத் தாண்டிப் போனார்கள். என் மனைவி எழுந்துபோய் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பெரிய குடும்பம் ஒரே மேசையில் சாப்பிட வேண்டுமென்றால், பரிமாறும் உணவகத்தில் இரவு நேரத்தை முன்பே பதிவு செய்யுங்கள். அங்கே முதல் இரவே தலைமைப் பரிசாரகரிடம், வெஜிடேரியன் என்பதோடு நிறுத்தாமல், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். மறுநாளைக்கு வேண்டியதை இன்று சொன்னால் செய்து கொடுப்பார்கள். வெள்ளைச் சோறும் தயிரும் பஃபேயில் எப்படியும் கிடைக்கும்.

நீச்சல் குளத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போவதும் இதே ரகம். நாடக அரங்கில் பத்து இருக்கைகளுக்குத் துப்பட்டா விரிப்பதும் அப்படியே. குளத்தில் டி-ஷர்ட், சுடிதார், லுங்கி ஆகாது. முழுக்கை முழுக்கால் நீச்சலுடை இப்போது கடைகளில் கிடைக்கிறது, அதை யாரும் தடுப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொண்டால் அங்கே வந்து ஏமாற வேண்டாம். சுடுநீர்த் தொட்டியும் சில அமைதியான பகுதிகளும் பெரியவர்களுக்கு மட்டுமே என்று எழுதியிருந்தால், பிள்ளை அழுதாலும் அழைத்துப் போகக் கூடாது. அலங்கார உடை இரவு என்று ஒன்று வரும். பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் அதற்கு மிகப் பொருத்தம். கோட்டு வாடகைக்குத் தேட வேண்டாம்.

இரவு பதினொரு மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நின்று பேசாதீர்கள். அந்தச் சுவர்கள் மெல்லியவை. போனை ஒலிபெருக்கியில் வைத்து ஊருக்கு வீடியோ காலில் கடலைக் காட்டுவது லிஃப்டிலும் உணவகத்திலும் வேண்டாம். போன் என்றதும் இன்னொன்று: கரை மறைந்ததும் விமானப் பயன்முறையில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் பயங்கரமாக வரும். பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது, காற்றில் பறந்து கீழ்த்தளத்தில் விழும். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், ஊதுவத்தி, விளக்கு எல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. வீட்டில் கட்டிய புளிசாதமும் அனுமதி இல்லை. கடையில் வாங்கிப் பிரிக்காத முறுக்கு, பிஸ்கட் பொட்டலங்கள் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பஃபேயிலிருந்து எடுத்த பழத்தைத் துறைமுகத்தில் இறக்காதீர்கள், தாவர விதிகள் கடுமையானவை.

எங்கள் முடிவு

ஏப்ரல் கடைசி வாரம், சிங்கப்பூர், நான்கு இரவு, பினாங்கு நிற்கிற பயணம். சென்னைக் கப்பல் ஏப்ரலில் பெரும்பாலும் இந்தப் பக்கம் இருக்காது என்பதும் ஒரு காரணம். இருந்திருந்தாலும் மூன்று மூன்றரை வயதுப் பிள்ளைக்கும் அப்பாவின் காலுக்கும் பெரிய கப்பல்தான் சரி. செலவைக் குறைக்க ஐந்தாவது இரவை வெட்டினோம், பால்கனியை ஒன்றாக்கினோம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும் என்பதால் தங்கை வீட்டு நால்வரையும் ஓர் அறையில் போட்டோம்.

எல்லாம் பேசி முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். பினாங்கு மாரியம்மனுக்கு என்ன நிறத்தில் புடவை சாத்துவார்கள் என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.